வால்வின் அமைப்பும் குரலும்

எங்கள் வீட்டிலே முன்னர் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. தேக்கு நிறத்துப் பெட்டி. முன்புறத்தில் தந்த நிறத் திருகுகள் நான்கு. வலப்பக்க மூலையிற் பச்சையாய் ஒளிரும் ஒரு கண். விசையைத் திருப்பியவுடனே அது பேசாது. அரை நிமிட நேரம் மௌனம் சாதித்து, மெல்லிய உறுமலோடு விழித்து, அதன் பின்னரே பாடத் தொடங்கும். அந்த அரை நிமிடமும் பின்பலகையின் துளைகளூடாக உள்ளே பார்த்துக்கொண்டிருப்பது சிறுவர்களாகிய எங்களுக்குப் பெரிய வேடிக்கை. கண்ணாடிக் குமிழ்களுக்குள்ளே தணல் மெல்ல மெல்லப் பழுத்து வரும். பாடுகிறவர் அக்குமிழ்களுக்குள்ளேதான் குடியிருக்கிறார் என்று என் தங்கை நெடுநாள் நம்பியிருந்தாள்.

1960களின் பிற்பகுதியில் ஒருநாள் அப்பெட்டியின் குரல் கம்மிப்போயிற்று. திருத்துபவர் வந்தார், பின்பலகையைக் கழற்றினார், ஒலிபெருக்கிக்கு முன்னால் உள்ள கடைசி வால்வை எடுத்துவிட்டுப் புதியதொன்றைப் பொருத்தினார். வேறொரு சிறிய உறுப்பையும் வெட்டியெடுத்து, அதனிடத்திற் புதியது வைத்துப் பற்றாசு பிடித்தார். பெட்டி மீண்டும் தெளிவாகப் பேசியது. ஆனால் அம்மாவுக்குத் திருப்தியில்லை. "முந்தின குரல் இல்லைத் தம்பி, ஆரோ வேறை ஆள் பாடுறமாதிரிக் கிடக்குது" என்று அவரிடமே சொல்லிவிட்டார். கழற்றிய வால்வு ஒல்லாந்திற் செய்தது. புதியது இங்கிலாந்திற் செய்தது. ஆகவே ஒல்லாந்து வால்வுக்கு ஒரு குரல், இங்கிலாந்து வால்வுக்கு வேறொரு குரல் என்று ஐயா தீர்ப்புக் கூறினார். இரண்டுக்கும் ஒரே இலக்கம், ஒரே வேலை, எனவே குரல் வேறுபட இடமில்லை என்று அண்ணர் வாதாடினார். அந்த வழக்கு எங்கள் வீட்டிலே முப்பது ஆண்டுகள் நடந்தது.

உலகிலே அவ்வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. திரான்சிற்றர் வந்து வால்வை வானொலிப் பெட்டியிலிருந்து வெளியேற்றிவிட்டபோதிலும், இசை கேட்கும் பெருக்கிகளிலும் கித்தார் வாசிப்போரின் பெருக்கிகளிலும் வால்வு இன்றும் எரிகின்றது. இந்த ஆலையின் வால்வு தேனாய் இனிக்கும், அந்த ஆலையினது கண்ணாடிபோல் தெளிவானது என்றெல்லாம் சொல்லி, அரை நூற்றாண்டுக்கு முன் செய்யப்பட்டுப் பெட்டி பிரியாமற் கிடந்த வால்வுகளுக்குப் பெருந்தொகை கொடுப்போர் பலர். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மயக்கம் என்று அறிய வேண்டுமானால் குமிழுக்குள்ளே புகுந்து பார்க்க வேண்டும்.

வால்வு என்ற ஆங்கிலச் சொல் நீரை அடைக்கவும் திறக்கவும் உதவும் அடைப்பைக் குறிப்பது. நம் தோட்டத்து வாய்க்காலின் மடையை நினைத்துக்கொண்டாற் போதும். 1904இல் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் என்பவர் மின்னோட்டத்தை ஒரு பக்கம் மாத்திரம் செல்லவிடும் குமிழைச் செய்தார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொரஸ்ற் அதனுள்ளே மூன்றாவதாக ஒரு கம்பியை இட்டார். அந்த மூன்றாவது உறுப்பே எல்லாவற்றையும் மாற்றிற்று. நடுவிலே சூடேறிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் புறப்படுகின்றன. சுற்றிலுமுள்ள அனோட்டு அவற்றைத் தன்பால் இழுக்கின்றது. இடையிலே கம்பிச் சுருளாக நிற்பது நெய்யரி. நெய்யரியென்று நம் பாடநூல்கள் அதற்கு அழகான பெயர் சூட்டியுள்ளன; நெய்யை வடிக்கும் அரிதட்டுப் போலவே அது இலத்திரன்களை வடிக்கின்றது. அதன்மேல் உள்ள சில வோல்ற்று மின்னழுத்தம் சிறிதே கூடினாலும் குறைந்தாலும், அதனூடாகப் பாயும் பெரிய ஓட்டம் அதற்கேற்பப் பெருகும், சுருங்கும். விரலாற் பிடித்த மடைப்பலகை வாய்க்கால் வெள்ளத்தை ஆள்வது போன்ற செயல் இது.

இனி, இவ்வுறுப்புகளைச் செய்யும் விதத்தைப் பார்ப்போம். கதோட்டு என்பது ஒரு சிறிய நிக்கற் குழல். அதன் உள்ளே தங்குதன் கம்பி சூடேறும். வெளிப்புறத்திலே பேரியம், ஸ்ரோன்சியம் ஆகியவற்றின் காபனேற்றுகள் வெள்ளைச் சுண்ணம் பூசியதுபோல் தெளிக்கப்பட்டிருக்கும். குமிழிலிருந்து காற்றை உறிஞ்சும்போதே குழலைச் சுடவைத்து அச்சுண்ணத்தை ஒட்சைட்டாக மாற்றுவார்கள். இந்த ஒட்சைட்டுப் பூச்சு ஏறக்குறைய 750 பாகை செல்சியசிலேயே தாராளமாக இலத்திரன்களை உமிழும். வெறும் தங்குதன் கம்பியானால் 2,000 பாகைக்கு மேலே சூடேற்ற வேண்டும். நிக்கலிற் கலந்திருக்கும் மிகச் சிறிய அளவான பிற பொருள்கூட அப்பூச்சின் ஆயுளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். தன் பூச்சுக் கலவையையும் நிக்கலையும் நன்கறிந்த ஆலையின் வால்வு பல்லாயிரம் மணி நேரம் எரியும். அறியாத ஆலையினது சில நூறு மணியிற் களைத்துப்போகும். பழைய பேராலைகளைப் பற்றி முதியோர் பெருமையாகப் பேசுவதில் மறுக்கவொண்ணாத பகுதி இதுவே.

நெய்யரி செய்வது அதைவிட நுண்ணிய வேலை. இணையாக ஓடும் இரண்டு செப்புக் கம்பிகளிலே ஒரு கத்தி வெட்டுவாய் இடும். தலைமயிரை ஒத்த மொலிப்டினம் கம்பி அந்த வாயில் வந்து அமரும். ஓர் உருளை அதன் வாயை அழுத்தி மூடும். பின்னர் அடுத்த வெட்டு, அடுத்த சுற்று. இப்படிச் சுற்றிய நெய்யரியைக் கதோட்டுக்கு மிக அண்மையில், அதைத் தொடாமல், மேலும் கீழும் மைக்காத் தகடுகளின் துளைகளில் நிறுத்த வேண்டும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் கையாற் செய்தார்கள்.

இங்கேதான் அமைப்பு குரலைத் தொடுகின்றது. கம்பிச் சுற்றுகளின் இடைவெளி ஒரே சீராக இருக்குமானால், கதோட்டின் எல்லாப் பகுதியும் ஒரே கணத்தில் திறந்து ஒரே கணத்தில் அடைபடும். ஓரிடத்திற் சுற்று நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருந்தால், அந்த வால்வு குணம் வேறான பல வால்வுகளை ஒன்றாகக் கட்டியதுபோல நடந்துகொள்ளும். நெருங்கிய இடம் அடைபட்ட பின்னும் விலகிய இடத்தால் ஓட்டம் கசியும். உள்ளே வந்த அலையின் வடிவமும் வெளியே போகும் அலையின் வடிவமும் அப்போது ஒன்றாயிரா. இதனைத் திரிபு என்கிறோம். வேடிக்கை என்னவென்றால், வானொலிப் பெட்டியில் அலைகளைப் பிடிக்கும் பகுதியிலுள்ள ஒரு வால்வுக்கு வேண்டுமென்றே இடைவெளியை மாற்றிமாற்றிச் சுற்றுவார்கள். தூரத்து நிலையத்தையும் அண்மை நிலையத்தையும் ஏறத்தாழ ஒரே உரப்பிற் கேட்கச் செய்வதற்கு அந்தக் கசிவு வேண்டும். அங்கே குணமாக இருப்பது, பாட்டைப் பெருக்கும் வால்விலே குற்றமாகின்றது.

அனோட்டைக் கறுப்பாக்குவது அது சூட்டை வெளியே வீசுவதற்காக. குமிழின் உச்சியிலோ பக்கத்திலோ வெள்ளி பூசியதுபோற் காணும் திட்டு, எஞ்சியிருக்கும் காற்றை விழுங்குவதற்காக உள்ளேயே ஆவியாக்கிய பேரியம். அந்த வெள்ளித் திட்டு பால்போல வெளுத்திருந்தால் குமிழுக்குள்ளே காற்றுப் புகுந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றுறுப்பு மாத்திரம் கொண்ட வால்வை மூவாயி என்பர். மூவாயிகளிற் புகழ்பெற்றது அமெரிக்காவின் வெஸ்ரேண் எலக்றிக் நிறுவனம் 1938இல் வெளியிட்ட 300 பி. படமாளிகைகளில் ஒலி பெருக்குவதற்கென ஆக்கப்பட்டது. அதற்குத் தனிக் கதோட்டுக் குழல் இல்லை. 5 வோல்ற்றில் 1.2 அம்பியர் ஓடும் இழையே கதோட்டாகவும் பயன்படும். தனித்து வேலை செய்யும்போது ஏறக்குறைய 8 வாற்று ஒலிதான் கிடைக்கும். அதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. மூவாயியின் உட்டடை மிகக் குறைவு. 300 பியினது 700 ஓம் அளவே. ஒலிபெருக்கியின் கூம்பு தன் விருப்பப்படி ஆடத் தொடங்கினால், குறைந்த தடையுடைய வால்வு அதனைக் கடிவாளம் போலப் பிடித்துக்கொள்ளும். அடித்த மத்தளம் அடித்த மாத்திரத்தில் நிற்கும். அதன் பின்னே வீணான முழக்கம் தொடராது.

இன்னொன்று, மூவாயியின் திரிபு எத்தகையது என்பது. ஒரு சுரத்தை அது பெருக்கும்போது, அதனோடு பெரும்பாலும் அச்சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணுடைய இன்னொரு சுரம் சிறிதளவு சேரும். சட்சத்தோடு மேல் ஸ்தாயிச் சட்சம் சேர்வதை எந்தச் செவி வெறுக்கும்? மும்மடங்கு அதிர்வு மேற்பஞ்சமம். ஐந்து மடங்கு காந்தாரம். தம்புராவை மீட்டிக் கூர்ந்து கேட்போர் இவற்றை அதன் ஒலியிலேயே கேட்பர். ஏழு மடங்குக்குப் போனால் நமது சுரங்கள் எதிலும் அது பொருந்தாது. அதனைச் செவி கரகரப்பு என்றே உணரும். ஆகையால் திரிபின் அளவு எவ்வளவு என்பதோடு, எந்தச் சுரங்கள் சேர்கின்றன என்பதும் முக்கியம். ஆயினும் இதனை அளவுக்கு மிஞ்சி நம்பவும் கூடாது. தனிக்குரலுக்கு இனிமை சேர்க்கும் அதே திரிபு, நாதசுரமும் தவிலும் சேர்ந்து முழங்கும்போது இரண்டின் அதிர்வெண்களையும் கூட்டியும் கழித்தும், எவருக்கும் சொந்தமில்லாத ஓசைகளை நடுவிலே புகுத்திவிடும். மூவாயிப் பெருக்கிகளிலே தனிப்பாட்டு உருக்கமாகவும் பெரிய வாத்தியக் குழு கலங்கலாகவும் கேட்பதற்கு இதுவே பெருங்காரணம்.

மூவாயியில் ஒலியின் வலு குறைவு; செலவு கூடுதல். ஏழைக்கும் எட்டும் விலையில் வானொலிப் பெட்டி செய்ய வேண்டுமானால், ஒரே வால்வு சிறிய மின்சாரத்திலே உரத்துப் பேச வேண்டும். அதற்காக அனோட்டுக்கு அருகே இரண்டாவது நெய்யரி ஒன்றை வைத்து இலத்திரன்களை விரைவாக இழுத்தார்கள். உடனே ஒரு புதிய தொல்லை பிறந்தது. வேகமாக வந்து மோதும் இலத்திரன்கள், மழைத்துளி குளத்து நீரைச் சிதறச் செய்வதுபோல, அனோட்டிலிருந்து வேறு இலத்திரன்களைச் சிதறச் செய்தன. சிதறியவை இரண்டாவது நெய்யரியை நோக்கி ஓடின. 1926இல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பேணாட் ரெலஹன், இரண்டுக்கும் நடுவே மூன்றாவது நெய்யரி ஒன்றை இட்டுச் சிதறல்களைத் திருப்பி விரட்டினார். ஐவாயி பிறந்த கதை அது. நம் வீடுகளில் இருந்த பெட்டிகளிலே ஒலிபெருக்கியை ஆட்டிய வால்வு பெரும்பாலும் ஐவாயியே. எங்கள் பெட்டியில் இருந்த ஈ.எல். 84உம் அவ்வினமே.

ஐவாயியின் காப்புரிமை பிலிப்ஸின் கையில் இருந்தது. மற்றவர்கள் வேறு வழி தேடினர். இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியியலாளர் கபொட் புல் முதலியோர் 1933 அளவிற் கண்ட வழி மிக நேர்த்தியானது. மூன்றாவது நெய்யரியை நீக்கிவிட்டார்கள். முதலாம் நெய்யரியின் ஒவ்வொரு சுற்றுக்கும் நேர் பின்னால், அதன் நிழலிலே, இரண்டாம் நெய்யரியின் சுற்று மறைந்து நிற்கும்படி அமைத்தார்கள். இலத்திரன்கள் தட்டுத்தட்டாகப் பிரிந்து, இரண்டாம் நெய்யரியில் மோதாமல் இடைவெளிகளால் நழுவிப் போகும். இரு பக்கத்திலும் நிறுத்திய தகடுகள் அவற்றைக் கற்றையாய்க் குவிக்கும். அனோட்டின் முன்னே அவ்வளவு நெருக்கமாகக் குழுமிய இலத்திரன்களே சிதறல்களைத் திருப்பித் தள்ளும் மதிலாகிவிடும்! கம்பியில்லாமலே கம்பியின் வேலை நடந்தது. 1936இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் இம்முறையில் 6 எல். 6 என்ற வால்வை வெளியிட்டது. 1937இல் இலண்டனில் ஹமர்ஸ்மித்திலுள்ள ஆலையிலிருந்து கே.ரி. 66 வந்தது.

கே.ரி. 66ஐயும், பிலிப்ஸும் அதன் உடைமையான முல்லாட் நிறுவனமும் 1950களிற் பரப்பிய ஈ.எல். 34 என்ற ஐவாயியையும் பக்கத்திற் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். கே.ரி. 66 இடை சிறுத்துத் தோள் அகன்ற கூசாவைப் போன்றது. சிலவற்றின் கண்ணாடி உட்புறம் சாம்பல் நிறக் காரீயம் பூசியிருக்கும், வழிதவறும் இலத்திரன்களை அது வாங்கிக்கொள்ளும். ஈ.எல். 34 ஒடுங்கி நெடிதுயர்ந்த உருளை. இரண்டின் அனோட்டும் 25 வாற்றுச் சூட்டைத் தாங்க வல்லவை. ஆனால் ஈ.எல். 34இன் நெய்யரி கதோட்டை மிக நெருங்கி நிற்பதால், ஒரு வோல்ற்று மாற்றத்துக்கு ஏறத்தாழ 11 மில்லி அம்பியர் ஓட்டம் மாறும், கே.ரி. 66இல் 7 அளவே மாறும். ஆகவே ஈ.எல். 34 சிறு தூண்டுதலுக்கே முழுக்குரல் எழுப்பும். அதே தூண்டுதலைக் கூட்டினால் முந்தித் திணறவும் செய்யும்.

இவற்றின் திரிபிலும் அமைப்பின் கைவண்ணம் தெரிகின்றது. கற்றை வால்வில் எழுவது பெரும்பாலும் இரு மடங்கு அனுசுரம். ஐவாயியில் மும்மடங்கும் அதற்கு மேற்பட்டவையும் கூடுதலாக எழும். இரண்டு வால்வுகளை எதிரெதிராகப் பூட்டி இழுக்கச் செய்தால், இரு மடங்கு அனுசுரம் ஒன்றையொன்று கழித்து மறைந்துவிடும், மும்மடங்கு மறையாது. எனவே சோடியாகப் பூட்டிய கே.ரி. 66கள் தூய்மையாகக் கேட்பதும், ஈ.எல். 34 சோடி சற்று முன்வந்து அழுத்தமாகப் பேசுவதும் கற்பனையல்ல. அதற்குக் காரணம் நெய்யரியின் வடிவம்.

இவ்வளவும் வால்வின் பக்கத்து நியாயம். மறுபக்கத்து நியாயம் 1947ஆம் ஆண்டிலே எழுந்தது. அவ்வாண்டு ஏப்பிரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் டி. ரி. என். வில்லியம்சன் என்ற இளம் பொறியியலாளர் ஒரு பெருக்கியின் திட்டத்தை வெளியிட்டார். 15 வாற்று, திரிபு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உலகமெங்கும் ஆர்வலர்கள் அதனைத் தம் கையாற் செய்தார்கள். அதில் இருந்தவை கே.ரி. 66கள்தாம், ஆனால் இரண்டாம் நெய்யரியை அனோட்டோடு சேர்த்துக் கட்டி, அவற்றை மூவாயிகளாகவே அவர் நடத்தினார். அத்தோடு வெளியே போகும் ஒலியின் ஒரு பகுதியை முன்னே கொண்டுவந்து உள்ளே வருவதோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் பின்னூட்டலையும் சேர்த்தார். 1953இல் பீற்றர் வோக்கரின் நிறுவனம் வெளியிட்ட குவாட் இரண்டாம் பெருக்கியிலும் அதே கே.ரி. 66 சோடிதான், ஆனால் வெளியீட்டு நிலைமாற்றியின் சுற்றில் ஒரு பகுதியைக் கதோட்டின் வழியே இணைத்திருந்தார்கள். அதே வால்வு; இரண்டு வெவ்வேறு குரல். கே.ரி. 66இன் குரல் எது என்று யாராவது கேட்டால், எந்த வீட்டிற் குடியிருக்கும் கே.ரி. 66 என்று திருப்பிக் கேட்க வேண்டும். பின்னூட்டல் நிறைந்த நல்ல பெருக்கியிலே ஓர் ஆலையின் வால்வை எடுத்து இன்னோர் ஆலையினதை இட்டால், இரண்டும் நன்னிலையில் இருக்குமாயின், வேறுபாடு பெரும்பாலும் செவிக்கு எட்டாது என்பதே என் கருத்து.

கித்தார்க் கலைஞர்களை இந்த விதியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அவர்கள் பெருக்கியை அதன் எல்லைக்கு அப்பால் வேண்டுமென்றே விரட்டுபவர்கள். அங்கே திரிபே இசை. இங்கிலாந்தின் மார்ஷல் பெருக்கிகள் 1960களின் நடுப்பகுதியிற் கே.ரி. 66இலிருந்து ஈ.எல். 34க்கு மாறியபோது குரலும் மாறியதைக் கேட்டவர்கள் உணர்ந்தார்கள். 1973இல் ரசல் ஹாம் என்பவர் அமெரிக்க ஒலிப் பொறியியற் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரையும் இதையே காட்டிற்று. ஒலிவாங்கிப் பெருக்கிகள் தம் அளவுக்குள்ளே இயங்கும்போது வால்வும் திரான்சிற்றரும் நெருங்கி நிற்கின்றன. அளவை மீறும்போதுதான் அவற்றின் சுபாவம் வெளிப்படுகின்றது.

சிறிய வால்வுகளுக்கு வருவோம். ஒலி புகும் முதல் வாசலில் நிற்பது ஈ.சி.சி. 83, அமெரிக்கர் இதனை 12 ஏ.எக்ஸ். 7 என்பர். ஒரே குமிழில் இரண்டு மூவாயிகள். ஒவ்வொன்றும் கொள்கையளவில் நூறு மடங்கு பெருக்க வல்லது. இங்கே சின்னஞ்சிறு குறையும் பின்னால் வரும் எல்லாவற்றாலும் பெருகும். ஆகவே இங்கேதான் ஆலைக்கு ஆலை வேறுபாடு மெய்யாகவே கேட்கும். எனினும் அது இனிமையிலுள்ள வேறுபாடு அன்று, இரைச்சலிலும் அதிர்விலுமுள்ளது. அனோட்டுத் தகடு நீண்டிருந்தால் அல்லது மைக்காத் துளை சற்றே தளர்ந்திருந்தால், ஒலிபெருக்கியின் அதிர்விலே உறுப்புகள் தாமும் ஆடி, வால்வே ஓர் ஒலிவாங்கியாகிவிடும். அப்போது ஒவ்வொரு சுரத்தின் பின்னாலும் மெல்லிய மணியோசை ஒன்று தொடரும். சிலர் இதனைக் காற்றோட்டமான குரல் என்று புகழ்வதுண்டு! ஒரு பென்சிலால் குமிழை மெல்லத் தட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். இறுகக் கட்டிய வால்வு 'டொக்' என்று நிற்கும், தளர்ந்தது மணியடிக்கும். ஜேர்மனியின் ரெலிபங்கன் வால்வுகளுக்கு, மழமழப்பான தகடுகளும் இறுகிய கட்டும் உடையவை என்ற நற்பெயர் உண்டு. முல்லாட்டின் தகடுகளில் வரிகள் இருக்கும். தகடு வரியோ மழமழப்போ குரலை மாற்றுவதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டின் இறுக்கம் மாற்றுகின்றது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குமிழின்மேல் அச்சடித்த பெயர் விரலால் உரசினாலே அழியக்கூடியது. அழிந்த இடத்தில் வேறு பெயர் அச்சடிப்பதும் எளிது. அக்காலத்திலேயே ஒரு நிறுவனம் செய்த வால்வை மற்றொரு நிறுவனம் தன் பெயரில் விற்பது வழக்கம். இன்றோ பழைய இங்கிலாந்துப் பெயர்கள் சில வேறு கைகளுக்கு மாறி, ருஷ்யாவின் சரட்டோவ் நகரில் செய்யும் வால்வுகளின்மேல் வெளிப்படையாகவே அச்சாகின்றன. அவற்றிலே குறை காண்பதற்கில்லை, ஆனால் அவை பழைய வால்வுகள் அல்ல. கொழும்பிலே ஒரு பழம்பொருட் கடையில் முல்லாட் என்று பெயர் பொறித்த ஈ.சி.சி. 83 ஒன்றை நான் நல்ல விலைக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியின் அடிப்பாகத்தை விளக்கின் முன் சாய்த்துப் பார்த்தேன். முல்லாட்டின் லங்காஷயர் ஆலையான பிளாக்பேணிற் செய்தவற்றில், கண்ணாடியிலேயே மங்கலாக இரண்டு வரிக் குறி அரித்திருக்கும். இரண்டாம் வரியின் முதலெழுத்து 'பி'. என்னுடையதில் எந்த வரியும் இல்லை. ரெலிபங்கனுக்கோ அடிக்கண்ணாடியில், ஊசிகளின் நடுவே, வைர வடிவம் ஒன்று அச்சாயிருக்கும். வாங்க விரும்புவோர் பெயரைப் படிக்காமல் கண்ணாடியைப் படிப்பது நல்லது. நான் ஏமாந்த வால்வும் கெட்டதன்று; இன்றும் அமைதியாக எரிகின்றது. கொடுத்த விலைதான் கெட்டது.

எங்கள் பெட்டியின் வழக்கை முடிக்க வேண்டும். ஐயா காலமானபின், 1998இல், அவருடைய பிஸ்கற் தகரத்துள் பழைய ஆணிகளோடு திருத்துபவர் கழற்றிய ஒல்லாந்து வால்வு கிடந்தது. அதனோடு, அவர் வெட்டியெடுத்த அந்தச் சிறிய உறுப்பும் கிடந்தது. அது மெழுகு வார்த்த காகிதக் கண்டென்சர். முன்வால்வின் அனோட்டிலே நூற்றுக்கு மேற்பட்ட வோல்ற்று உண்டு. அந்த மின்னழுத்தத்தை மறித்து, பாட்டை மாத்திரம் கடைசி வால்வின் நெய்யரிக்கு விடுவது அதன் தொழில். அளந்து பார்த்தேன். காகிதம் ஈரமுண்டு, மின்னழுத்தத்தையும் கசியவிட்டிருக்கிறது. கதோட்டைவிட ஏறக்குறைய 7 வோல்ற்றுத் தாழ்ந்து நிற்க வேண்டிய நெய்யரி, கசிவினால் மெல்ல மெல்ல மேலே எழுந்திருக்கும். அலையின் ஒரு பக்கம் நசுங்கி, இரு மடங்கு அனுசுரம் நிறைந்த தடித்த குரல் உண்டாகியிருக்கும். கடைசியிலே கசிவு முற்றிக் குரல் கம்மியது. பெட்டியின் இயல்பான கனமும் வால்வினால் மாத்திரம் வந்ததன்று: பின்னூட்டல் குறைந்த ஐவாயி ஒலிபெருக்கியின் தாழ்ந்த அதிர்வை அடக்காமல் விடும், மரப்பெட்டி அதனைத் தாங்கிப் பிடிக்கும், சிறிய நிலைமாற்றியும் மத்திய அலைவரிசையும் மேற்சுரங்களை வெட்டிவிடும்.

உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உண்டு; அணைத்த பின்னும் சிறிது நேரம் தங்கும். ஆகையால் இதனை அறியாதார் செய்யலாகாது. நான் பெட்டியைத் துணியால் மூடி, அம்மாவை முன்னே இருத்தி, ஒல்லாந்து வால்வையும் இங்கிலாந்து வால்வையும் மூன்று முறை மாற்றி மாற்றி இட்டேன். எது எதென்று அவரால் சொல்ல முடியவில்லை. அண்ணர் சிரித்தார். பின்னர் புதிய கண்டென்சரை நீக்கி, அந்தப் பழையதை அதன் இடத்திலே கட்டினேன். குளிர்ந்திருக்கும்போது கசிவு குறைவு. முதற் சில நிமிடங்கள் அது தாங்கும். பெட்டி உறுமி விழித்தது. ஒரு பெண்குரல் பாடியது. சற்றே தடித்து, சற்றே மங்கி, அருகில் வந்து பாடுவதுபோல் இருந்தது.

"இது" என்றார் அம்மா. "இதுதான் எங்கடை றேடியோ."

ஐந்து நிமிடத்தில் வால்வு சிவக்கத் தொடங்கவே, விசையை அணைத்துவிட்டேன்.